எட்டுத் துடுப்பு: பேசாத பொம்மை

போன வாரம் சின்னவளை மாடிப்படியில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். கீழே டயர் கடை, மேலே அவள் கம்பெனி, நடுவில் அந்தப் படி. "விக்க மாட்டேன்னா மாட்டேன்!" என்று அவள் மேலே நின்று கத்த, "அப்ப நீயே கட்டிக்கிட்டு அழு!" என்று அண்ணன் கீழே நின்று கத்த, டயர் கடைக்காரர் நட்டு முடுக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

சண்டை எதற்கு? அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து இரண்டு சாமான் செய்துவைத்திருக்கிறார்கள். ஒன்று, 'எட்டுத் துடுப்பு' என்கிற விளையாட்டு. கண்ணையும் மறைக்கிற ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால், எங்கெங்கேயோ இருக்கிற எட்டுப் பேர் ஒரே படகில் உட்கார்ந்திருப்பார்கள். சேர்ந்து துடுப்புப் போட்டால் படகு போகும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் இருந்த இடத்திலேயே சுற்றும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவர், புருஷனை வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவள், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் முடிவெட்டுகிறவர் என்று தினமும் அந்தப் படகில் ஏறுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று, அந்த விளையாட்டுக்காக அண்ணன் எழுதிய 'கைத்தடம்' என்கிற புரோகிராம். இங்கே ஒருவர் விரலை மடக்கினால், அங்கே அவருடைய பொம்மையும் அதே மாதிரி விரலை மடக்கும். உள்ளே போகிறவர்களின் உருவத்துக்கு இவர்கள் ஆபீஸில் பொம்மை என்றுதான் பேர். மற்ற கம்பெனிகளின் பொம்மைகள் கரண்டி பிடித்த மாதிரி கையை ஆட்டும். கைத்தடத்தின் பொம்மை வெட்கப்பட்டால்கூட விரலில் தெரியும்.

அந்தக் கைத்தடத்தைத்தான் ஒரு பெரிய கம்பெனி கேட்கிறது. விளையாட்டு அவர்களுக்கு வேண்டாம். வாங்கிய கையோடு அதை மூடிவிடுவார்கள். படகில் ஏறுகிறவர்கள் வேறு படகுத்துறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணனுக்கு விற்றுவிட ஆசை. சின்னவளுக்கு அந்தப் பேச்சே ஆகாது. பங்கு ஆளுக்குப் பாதி. இன்றைக்குக் கடைசிப் பேச்சுவார்த்தை. பார்த்தால், இன்றைக்கென்று அண்ணனுக்குக் காய்ச்சல்!

"அவன் ரூமுக்குப் போகாதடி. தூங்கறான்" என்று அம்மா கதவை மறைத்து நின்றாள்.

"ரொம்ப அனலா இருக்காம்மா?"

"இருக்கும் இருக்கும். நீ கிளம்பு."

அம்மா காலமெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். தும்மினாலே நாக்கை நீட்டச் சொல்லுகிறவள். இன்றைக்கு என்னவோ முகம் பூரித்துப்போய் இருந்தது.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா உனக்கென்ன இவ்வளவு சிரிப்பு?"

"நான் எங்க சிரிச்சேன்? போ, நேரமாச்சு."

சண்டை போட்டுவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போகிறோமே என்று சின்னவளுக்கு உறுத்தியது. 'எப்படியும் சாயங்காலம் சமாதானம் பண்ணிடலாம்' என்று நினைத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

ஆபீஸில் நடு ஹாலை மேஜை, நாற்காலி எதுவும் இல்லாமல் காலியாக வைத்திருப்பார்கள். சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தி, தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருக்கும். ஹெட்செட் மாட்டியவருக்கு வெளியே எதுவும் தெரியாதே. அதனால் யார் மாட்டினாலும் பக்கத்தில் ஒருவர் காவல் நிற்பது இந்த ஆபீஸ் வழக்கம். இன்றைக்குக் காவல், விளையாட்டைச் சோதித்துப் பார்க்கிற பெண். சேர்ந்த புதிதில் எல்லாச் சுவரிலும் முட்டிக்கொண்டதால் அவளுக்கு 'மோதல்' என்றே பேர் விழுந்துவிட்டது.

"அக்கா, கோபத்துல கையை வீசாதீங்க. போன தடவை என் மூக்குக்கு வந்துது."

"இன்னிக்கு நான் சாந்த சொரூபி."

"அய்யோ, அப்ப நான் ரெண்டடி தள்ளியே நிக்கறேன்."

சின்னவள் ஹெட்செட்டை மாட்டினாள். மெத்தைச் சுவர் போய்விட்டது. எட்டுத் துடுப்புக்குள்ளேயே, கைத்தடம் ஓடுகிற ஓர் அறை. நீளமான மேஜை, பெரிய ஜன்னல்கள், வெளியே தண்ணீர். மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான்குமே முகமில்லாத சாம்பல் பொம்மை. உடுப்புகூடத் தேர்ந்தெடுக்க நேரமில்லாதவர்கள் போட்டுக்கொண்டு வருகிற உருவம் அது.

"வணக்கம் மேடம்!" என்றது முதல் பொம்மை. பெரிய கம்பெனிக்காகப் பேசுகிற ஆள். நாலு வாரமாகத் தொலைபேசியில் அவர் குழைந்த குழைவில் சின்னவள் அவருக்குத் தேன்குரல் என்று பேர் வைத்திருந்தாள். "இவர் எங்க வக்கீல். இவங்க எஞ்சினியர். அவர்... சும்மா, பார்வையாளர். பேச மாட்டார்."

"வாயில்லையா?"

தேன்குரல் சிரித்தார். பார்வையாளர் சிரிக்கவில்லை.

பேச்சு ஆரம்பமாயிற்று. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சின்னவளுக்கு என்னவோ இடித்தது. அவள் எங்கே விட்டுக்கொடுப்பாள், எங்கே முறுக்கிக்கொள்வாள் என்று எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆட்களைக் குறைக்கக் கூடாது என்று அவள் வாயைத் திறக்கும் முன்னே, "உங்க ஆட்கள் ஒருத்தர்கூட வெளிய போக மாட்டாங்க மேடம். அந்த டெஸ்டர் பொண்ணு உட்பட" என்றார் தேன்குரல். மோதலைப் பற்றி இவருக்கு யார் சொன்னது?

"விளையாட்டை மூடறதைப் பத்தி?" என்றாள்.

"அதுல மட்டும் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. படகுல ஏறுறவங்களுக்கு நாங்களே நல்லபடியா ஒரு வழியனுப்பு விழா நடத்தித் தரோம்."

"வழியனுப்பு விழாவா? உயிரோட இருக்கறவங்களுக்கா?"

குரல் ஏறிவிட்டது. அப்போதுதான் அது நடந்தது.

மேஜைக் கடைசியில் இருந்த பார்வையாளர், கையைத் தூக்கி, மணிக்கட்டின் பின்பக்கத்தால் மூக்குத் தண்டில் எதையோ மேலே தள்ளினார்.

முகமே இல்லாத பொம்மை. அதற்கு மூக்கு ஏது? மூக்கில் கண்ணாடி ஏது?

உலகத்தில் கண்ணாடியை அப்படித் தள்ளுகிற ஆள் ஒருத்தன்தான். சின்ன வயசில் ரேடியோவைப் பிரித்துப் பிரித்து எப்போதும் கையெல்லாம் கரி. கண்ணாடி அழுக்காகாமல் இருக்க மணிக்கட்டால் தள்ளிப் பழகினவன். ஹெட்செட் மாட்ட வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், ஆனாலும் அவள் கத்தினால் மட்டும் அவனுக்குக் கை தன்னால் மூக்குக்குப் போய்விடும். கைத்தடம் முதன்முதலில் வேலை செய்த அன்றைக்கு, பக்கத்து அறையிலிருந்து கம்பி வழியாக வந்து சேர்ந்த முதல் அசைவே அதுதான். "அண்ணா, மூக்கைத் தள்றே! மூக்கைத் தள்றே!" என்று அவள் குதித்த குதியில் டயர் கடைக்காரர் தடியோடு மேலே ஓடிவந்தார்.

பேரை மறைத்திருக்கிறான். குரலை மறைத்திருக்கிறான். உருவத்தை மறைத்திருக்கிறான். கையை மறைக்க வழி இல்லாமல் போனது அவன் புண்ணியம்தான். கை அசையாமல் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் வைப்போம் என்று ஆபீஸே கேட்டபோது, "கையைக் கட்டிக்கிட்டு வர்றவன் வெளியவே இருக்கட்டும்" என்று ஒற்றைக் காலில் நின்று மறுத்தவன் அவன். ராஸ்கல், தான் எழுதினதைத் தானே மறந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்!

சின்னவள் திரும்பி மேஜைக் கடைசியைப் பார்த்தாள்.

"அண்ணா, காய்ச்சல் எப்படி இருக்கு?"

வக்கீல் இருமினார். எஞ்சினியர் தேன்குரலைப் பார்த்தாள். சாம்பல் பொம்மையின் கை மூக்குக்குப் பாதி வழியில் நின்றது. பிறகு தலை தொங்கிவிட்டது, இரண்டு கையும் மடியில் விழுந்தன. ஹெட்செட்டைக் கழற்றினால் பொம்மை அப்படித்தான் ஆகும். ஆள் போய்விட்டான், உருவம் மட்டும் உட்கார்ந்திருந்தது.

தேன்குரலில் தேன் கொஞ்சம் வற்றியது. "சரி மேடம், ஒளிக்க ஒண்ணும் இல்ல. உங்க அண்ணன் தன் பாதியை நேத்தே எங்களுக்கு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப உங்க பாதியைத்தான் கேக்கறோம். தனியா வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

யார் பங்கை யாருக்கு விற்கலாம், விற்கக் கூடாது என்று மற்ற கம்பெனிக்காரர்கள் எல்லாம் எழுதிவைத்துக்கொள்வார்கள். 'அண்ணன் தங்கைக்குள்ள எதுக்கு எழுத்து?' என்று இவர்கள் இருவரும் ஒரே வாயாகச் சொல்லிச் சிரித்திருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு இப்போது வட்டி.

"பாதி வாங்கிட்டீங்களா? சந்தோஷம்" என்றாள் சின்னவள். "அப்ப இன்னிலேருந்து இந்த மெத்தைச் சுவர்ல பாதி உங்களுது. சர்வர் விழுந்தா அலறியடிச்சு ஓடறதுல பாதி உங்களுது. படகு நின்னுபோச்சுன்னு ஆளுங்க திட்டறதுல பாதியும் உங்களுதுதான். ஆனா விளையாட்டை மூடணும்னா ரெண்டு பாதியும் ஒண்ணா கை தூக்கணும். என் பாதி இங்க உக்காந்திருக்கு. அது எழுந்திரிக்காது. யாரை வேணா கூட்டிக்கிட்டு வந்து இழுத்துப் பாருங்க."

"மேடம், கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிச்சாச்சு. வெச்சுடறேன்."

ஹெட்செட்டைக் கழற்றினாள். மெத்தைச் சுவர், மஞ்சள் நாடா, எதிரே கையைப் பிசைந்துகொண்டு மோதல்.

"அக்கா... நம்ம அண்ணனா?"

சின்னவள் தலையை ஆட்டினாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மோதல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வேலை போய்விடுமா என்று கேட்க வேண்டியவள், அதைக் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"எழுந்திருங்கக்கா. சாயங்காலப் படகு கிளம்பற நேரம். சர்வரை யார் பாப்பா?"

"நான்தான். வேற யாரு?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். படகு நேரத்துக்குக் கிளம்பியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா இன்னும் அந்தக் கதவுக்குக் காவல் இருந்தாள்.

"தள்ளும்மா."

"அவன் பேசிட்டு இருக்கான்டி. தொந்தரவு பண்ணாதே."

"யார்கிட்ட பேசறான்னு நினைச்சே?"

அம்மா வெட்கப்பட்டாள். "காய்ச்சல் இல்லேன்னு எனக்குக் காலையிலயே தெரியும். தொட்டா ஐஸ் மாதிரி இருக்கான். ஏதோ பொண்ணு விஷயம், நம்மகிட்ட சொல்லக் கூச்சப்படறான்னு நினைச்சேன். இந்த வயசுலயாவது ஒரு வழி பொறந்துச்சேன்னு..."

சின்னவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கதவைத் தள்ளினாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கன்னத்திலும் நெற்றியிலும் ஹெட்செட் அழுத்தின சிவப்புத் தடம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் அம்மா வைத்த வெந்நீர் குடிக்காமல் ஆறிப்போயிருந்தது.

"திட்டு" என்றான்.

"திட்டறதுக்கு வரல. எதுக்குன்னு சொல்லு."

"எனக்கு முடியல. அவ்வளவுதான். மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வர்ற வேலை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை தூங்கற தூக்கம் ஒண்ணு, வேற எதுவும் எனக்கு வேண்டாம். உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்? நீ காதுல வாங்கினியா? நான் வாயைத் திறந்தாலே நீ மேல்படிக்குப் போய் நின்னுக்கறே."

அது உண்மைதான். சின்னவளுக்குச் சுருக்கென்று பட்டது. ஆனாலும் விடவில்லை.

"உனக்கு முடியலேன்னா வித்துட்டுப் போ. அது உன் பங்கு, உன் கஷ்டம். மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்தியே, அதைக்கூட விடு. வாயை மூடிக்கிட்டு உக்காந்து, எங்க அடிச்சா எனக்கு வலிக்கும்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தியே! அது எந்த ஊர் நியாயம்?"

"நீ நல்லபடியா ஒத்துக்கணும்னுதான் சொன்னேன். ஒருத்தரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாதுன்னு நான்தான் கேட்டு வாங்கினேன், தெரியுமா? அங்க எனக்குத் தலைமைப் பதவி தராங்க. எனக்குக் கீழ ஒரு பட்டாளமே இருக்கும். உன்னையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன பெட்டியா?"

வாசலில் நின்ற அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "டேய், தங்கச்சிக்குத் தெரியாம கையெழுத்துப் போட்டியா? நான் இங்க உனக்குக் காவல் வேற நின்னேனேடா, பைத்தியக்காரி மாதிரி!"

அந்த நேரத்தில் சின்னவளின் போன் அடித்தது. தேன்குரல். அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். இனிமேல் இந்த வீட்டில் எவனும் ஒளிந்து கேட்க வேண்டாம்.

"மேடம், பேச்சுல கொஞ்சம் சூடாகிட்டோம். ஒரு விஷயம் சொல்லலாம்னு. எங்க பாதியைப் பாத்துக்க எங்க ஆள் ஒருத்தர் நாளையிலேருந்து உங்க ஆபீஸ்ல உக்காருவார். அங்க என்னென்ன நடக்குதுன்னு தினமும் எங்களுக்குச் சொல்லணும். பாதிப் பங்குக்காரங்களுக்கு அந்த உரிமை உண்டு, வக்கீலைக் கேட்டுட்டேன்."

"தாராளமா. யாரு அந்த ஆளு?"

"வேற யாரு மேடம்? உங்க அண்ணன்தான். அந்த இடத்தை அவரைவிட நல்லா யாருக்குத் தெரியும்?"

அண்ணன் துள்ளி எழுந்தான். "சார், நான் இங்கதான் இருக்கேன். என்ன சார் இது? எனக்கு அங்க தலைமைப் பதவின்னு சொன்னீங்களே!"

"சார் பக்கத்துலயா இருக்கீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு. அது நிச்சயம் உண்டு சார், ஆனா விளையாட்டை மூடினதுக்கப்புறம். உங்க தங்கச்சி மனசை மாத்தற வரைக்கும் இதுதான் உங்க வேலை. காலையில போயிடுங்க."

போன் அடங்கியது. அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த ஆபீஸை விட்டுத் தப்பித்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டவன், அங்கேயே உட்கார்ந்து தங்கையை வேவு பார்க்கிற வேலையில் போய் விழுந்திருந்தான். ஒரு நிமிஷம் சின்னவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவத்தை அவள் ஓரமாக வைத்தாள்.

"வா" என்றாள். "கட்டாயம் வா. உன் மேஜை, உன் மெஷின் எதையும் நான் தொட மாட்டேன். பாக்கறதுக்குத்தானே அனுப்பறாங்க? நல்லாப் பாரு. சர்வர் விழும்போது பாரு, நான் அழும்போது பாரு. நீ எழுதினதை நீ சொல்லிக் குடுக்காம நான் கத்துக்கறதைப் பாரு. நான் எப்படி விக்காம நிக்கறேன்னு தினமும் கிட்ட உக்காந்து பாத்து அவங்களுக்குச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

அண்ணன் மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அம்மா ஆறிப்போன வெந்நீரை எடுத்துக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனவள், அங்கேயே நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டாள்:

"காலையில ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதானே போவீங்க?"